ஆர்.ஓ.வா, யூ.வி.யா, சாஃப்டனரா? புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கு எது பொருந்தும்

வாட்டர் ஃபில்டர் கடைக்குள் நுழைந்தால் முதல் கேள்வி "எத்தனை லிட்டர் டேங்க் சார், எத்தனை ஸ்டேஜ்?" என்பதுதான். உங்கள் வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று கேட்கிற கடைக்காரரைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் முடிவு செய்ய வேண்டியது அங்கேதான். ஸ்டேஜ், அதாவது வடிகட்டுகிற கட்டம், ஏழா ஒன்பதா என்பது கடைக்காரருடைய கணக்கு. உப்பா, இரும்பா, சுண்ணாம்பா, கிருமியா என்பதுதான் நம்முடைய கணக்கு. இந்த நாலுக்கும் ஒரே மருந்து கிடையாது. ஆர்.ஓ. உப்பை எடுக்கும், யூ.வி. ஒளியால் கிருமியை முடக்கும், சாஃப்டனர் சுண்ணாம்பைக் குறைக்கும்.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். அதற்குள்ளேயே தண்ணீர் பல விதமாக மாறிவிடுகிறது. கடலூர் நகரத்தில் கேப்பர் மலைத் தண்ணீர் வருகிற தெருக்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். மணற்பாறையில் ஊறி வருகிற தண்ணீர் அது. புவியியல் படித்தவர்கள் அந்தப் பாறைக்கே கடலூர் மணற்பாறை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அடியில் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருப்பதும், ராப்பகலாகப் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருப்பதும் இந்த மணற்பாறைத் தண்ணீரைத்தான். புதுச்சேரிப் பக்கம் முத்திரையர்பாளையம் தண்ணீருக்கும் பழைய பெயர் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அங்கிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபமே நிற்கிறது.

அதே ஊரில் கடலை ஒட்டிப் போனால் கதை வேறு. கரையோரம் போர் போட்டு இறைக்க இறைக்க, நல்ல தண்ணீர் இருந்த இடத்தில் கடல் தண்ணீர் ஏறுகிறது. முத்தியால்பேட்டை, அரியாங்குப்பம் பக்கம், கடலூரில் தேவனாம்பட்டினம், தாழங்குடா என்று கரையோரம் வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்ளே தள்ளி செம்மண் பூமிக்குப் போனால் உப்பு குறைவு, இரும்பு அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய மெஷினையே நாமும் வாங்கினால் போதும் என்ற எண்ணம் அதனால்தான் இங்கே பலிப்பதில்லை. அவர் நகராட்சிக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறாரா, 40 அடி போரா, 300 அடி போரா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

சரி, தண்ணீரைத் தெரிந்துகொள்வது எப்படி? முறையான வழி பரிசோதனைக் கூடம். தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. கடலூர்க்காரர்கள் அங்கே கொடுக்கலாம். தனியார் கூடங்களும் உண்டு. போரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு அவர்களே சுத்தம் செய்த பாட்டில் தருவார்கள், அதை அலசக் கூடாது, பிடித்த அன்றைக்கே ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். அறிக்கையில் எல்லாவற்றையும் படித்துக் குழம்ப வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியவை டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தம்), மொத்தக் கடினத்தன்மை (சுண்ணாம்பு), இரும்பு, குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு, பிறகு மலம் கலந்ததைக் காட்டுகிற ஈ.கோலை கிருமி.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 என்ன சொல்கிறது? டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை சகித்துக்கொள்ளலாம். கடினத்தன்மைக்கு 200, முடியாவிட்டால் 600. ஃபுளோரைடு 1, முடியாவிட்டால் 1.5. இரும்பு 1, நைட்ரேட் 45. இந்த இரண்டுக்கும் சலுகையே கிடையாது. ஈ.கோலை 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கூடத்துக்குப் போகும் முன்பே வீட்டில் சில அடையாளங்கள் தெரியும். போர்த் தண்ணீரைப் பிடித்தவுடன் பளிங்குபோல இருந்து, ஒரு மணி நேரத்தில் பழுப்பேறி, மறுநாள் வாளியின் அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் அது இரும்பு. காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு துருவாக மாறிப் படிகிறது. சந்தேகம் இருந்தால் நாலு கொய்யா இலையைக் கசக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். இரும்பு இருந்தால் தண்ணீர் நீலமும் கறுப்பும் கலந்தாற்போல ஆகும். டீ கறுத்துப் போவதும் இதனால்தான். குழாய் வாயில் வெள்ளைப் பூச்சு, பருப்பு வேக நேரமாவது, சோப்பு நுரைக்காதது, கெய்சர் காயில் சீக்கிரம் போவது எல்லாம் சுண்ணாம்பு, அதாவது கடினத்தன்மை. வாயில் வைத்ததும் கரித்தால் உப்பு. கிருமிக்கு மட்டும் எந்த அடையாளமும் இல்லை. கண்ணாடிபோல இருக்கிற தண்ணீரிலும் மஞ்சள் காமாலை வரலாம்.

பேனா அளவு டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அது அளப்பது உப்பை மட்டும்தான், அதுவும் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை வைத்து. சாக்கடை கலந்த தண்ணீரும் அதில் 300 காட்டலாம்.

மீட்டரை விட மோசம் இன்னொரு வித்தை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டுக்கு மெஷின் விற்க வந்த பையன் இரண்டு கண்ணாடி டம்ளரை மேசையில் வைத்தான். ஒன்றில் அக்கா வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவன் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். ஒரு பெட்டியிலிருந்து உலோகக் குச்சிகளை இரண்டிலும் இறக்கி ஸ்விட்சைப் போட்டான். அரை நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, மேலே அழுக்கு நுரை கட்டியது. அவன் தண்ணீர் அப்படியே இருந்தது. "பாருங்கம்மா, இவ்ளோ நாளா இதத்தான் குடிச்சிட்டு இருந்திருக்கீங்க." அக்கா வாயில் கை வைத்துவிட்டாள். "என்னடா தம்பி இது, குழந்தைங்களுக்கு இதையா கொடுத்தேன்?"

அந்தக் குச்சிகளில் ஒரு ஜோடி இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக வெளியே வரும். குழாய்த் தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் நன்றாகப் பாய்கிறது, ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அவ்வளவாகப் பாயவில்லை. டம்ளரில் தெரிந்த அழுக்கு குச்சியிலிருந்து வந்தது, குழாயிலிருந்து வரவில்லை. "தம்பி, உங்க டம்ளர்லயும் ஒரு சிட்டிகை உப்பு போட்டுட்டு ஸ்விட்ச் போடுங்களேன்" என்றேன். போட்டான். அதுவும் பழுப்பானது. பையனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறான். இந்த வித்தையை யாராவது உங்கள் வீட்டில் காட்டினால் உப்பு டப்பாவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆர்.ஓ. எல்லாரும் கேட்பது இதைத்தான், அதிகம் தவறாக வாங்கப்படுவதும் இதுதான்.

ஆர்.ஓ. மெஷினுக்குள் இருக்கிற மெம்பரேன் என்கிற சவ்வு, கரைந்திருக்கும் உப்பையே தடுக்கிற அளவுக்கு நுண்ணியது. பம்ப் அழுத்தித் தள்ள, தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகும். உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக், கிருமி என்று பெரும்பாலானவை இந்தப் பக்கமே நிற்கும். வேறு எந்த வீட்டு மெஷினும் உப்பை எடுக்காது. உங்கள் தண்ணீர் கரிக்கிறது, டி.டி.எஸ். 1,000-க்கு மேல் என்றால் விவாதமே வேண்டாம், ஆர்.ஓ.தான்.

அதற்கு விலை ரூபாயில் மட்டும் இல்லை. தடுத்த உப்பைக் கழுவி வெளியே தள்ள வேண்டுமே, அதற்குத் தண்ணீர் போகிறது. சாதாரண வீட்டு மெஷினில் நாலு லிட்டர் உள்ளே போனால் ஒரு லிட்டர் குடிக்கக் கிடைக்கும், மூன்று லிட்டர் கழிவாக ஓடும். குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்றால் 60 லிட்டர் கழிவு. கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாய் வருகிற தெருவில் இது சின்ன விஷயம் இல்லை. 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. மெஷினுக்குத் தடை கொண்டுவர வேண்டும், மற்ற இடங்களில் குறைந்தது 60 சதவீதத் தண்ணீராவது குடிக்கக் கிடைக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. கடைகளில் அந்த உத்தரவின் நிழல்கூட விழுந்ததாகத் தெரியவில்லை.

கழிவுத் தண்ணீரை என்ன செய்வது என்று கேட்பார்கள். உள்ளே போகிற தண்ணீர் 800 என்றால் கழிவு சுமார் 1,050 இருக்கும். தரை துடைக்கலாம், பாத்திரத்தை முதல் அலசு அலசலாம், டாய்லெட்டுக்கு ஊற்றலாம். ஆனால் உள்ளே போவதே 2,000 என்றால் கழிவு 2,600-ஐத் தாண்டும். அதைப் பூச்செடிக்கு ஊற்றினால் செடி போய்விடும். தென்னை தாக்குப்பிடிக்கும்.

மறுபக்கம், உப்பு மிக அதிகமானால் வீட்டு ஆர்.ஓ.வே திணறும். பெரும்பாலான வீட்டு மெஷின்கள் 2,000 வரைக்கும் என்றுதான் போட்டிருக்கும். உப்பு ஏற ஏற அதை எதிர்த்துத் தள்ள வேண்டிய அழுத்தமும் ஏறும், மெஷினில் இருக்கிற சின்னப் பம்புக்கு அந்தத் தெம்பு கிடையாது. கடற்கரைப் போரில் 3,500 காட்டுகிற தண்ணீரில் அதை மாட்டினால் வருடத்துக்கு ஒரு மெம்பரேன் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட வீடுகள் மெஷினைத் தேடுவதை விட்டுவிட்டு வேறு தண்ணீரைத் தேடுவதே மேல்.

இன்னொன்று, டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகு வைக்கிறார்கள். ஆர்.ஓ. தண்ணீர் சப்பென்று இருக்கிறது, கொஞ்சம் ருசி வேண்டும் என்று அதைத் திறந்து விடுகிறார்கள். உண்மையில் அது மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைப் பக்கவாட்டில் கலந்து விடுகிற வழி. உங்கள் தண்ணீரில் உப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் பாதகமில்லை. நைட்ரேட்டுக்காகவோ ஃபுளோரைடுக்காகவோ ஆர்.ஓ. வாங்கியிருந்தால், காசு கொடுத்து எடுத்த விஷத்தை அந்தத் திருகு திரும்ப உள்ளே விடுகிறது. நைட்ரேட் 45-ஐத் தாண்டினால், டி.டி.எஸ். குறைவாக இருந்தாலும் ஆர்.ஓ. வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் முக்கியமாக. காய்ச்சினால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

டி.டி.எஸ். 500-க்குள் இருக்கிற நகராட்சித் தண்ணீர், இரும்பும் நைட்ரேட்டும் அளவுக்குள் என்றால் உங்களுக்கு வேண்டியது கிருமியிலிருந்து காப்பு மட்டும்தான். இங்கேதான் யூ.வி.யும் யூ.எஃப்.பும் வருகின்றன. என் கணிப்பில் புதுச்சேரியிலும் கடலூரிலும் நல்ல குழாய்த் தண்ணீர் வருகிற பல வீடுகள் இந்த வகையில்தான் சேரும். ஆனாலும் சுவரில் ஆர்.ஓ. தொங்குகிறது.

யூ.வி. என்பது விளக்கு. 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி கிருமியின் மரபணுவைச் சிதைத்து அது பெருக முடியாமல் செய்துவிடும். வைரஸும் தப்பாது. தண்ணீர் வீணாகாது. ஆனால் ஒளி உள்ளே ஊடுருவ வேண்டும், அதனால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் கிருமி அழுக்குத் துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இரும்பு இருந்தால் விளக்கைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக் குழாயில் பழுப்பு படிந்து ஒளியே வராது. விளக்கு எரிவது தெரியும், வேலை நடக்காது. வருடத்துக்கு ஒருமுறை விளக்கை மாற்ற வேண்டும். கரன்ட் இல்லாவிட்டால் மெஷினும் இல்லை.

யூ.எஃப். என்பது மெல்லிய சல்லடை இழைகளின் கட்டு. துளை சுமார் 0.01 மைக்ரான். பாக்டீரியா, அமீபா, கலங்கல் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். கரைந்த உப்பு அப்படியே போகும். வைரஸ் விஷயத்தில் முழுசாக நம்ப வேண்டாம். கரன்ட் வேண்டாம், மேல் தொட்டியிலிருந்து வருகிற அழுத்தமோ வெறும் ஈர்ப்போ போதும். மேலே ஊற்றிக் கீழே பிடிக்கிற வகை சுமார் 2,000 ரூபாயிலிருந்து 4,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. யூ.வி., யூ.எஃப். இரண்டும் சேர்ந்த மெஷினும் உண்டு. நகராட்சித் தண்ணீருக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மெஷினுக்குள் இருக்கிற கார்பன், அதாவது கரி, நகராட்சி போட்ட குளோரினை உறிஞ்சிவிடும். நாற்றம் போகும், அதோடு காவலும் போகும். அதற்குப் பிறகு மெஷினின் டேங்கில் தேங்கி நிற்கிற தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால் டேங்கில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள்.

தேற்றாங்கொட்டை பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பானையின் உள்ளே இழைத்து வைத்தால் கலங்கல் படிந்து தண்ணீர் தெளியும், அது உண்மை. ஆற்றுத் தண்ணீருக்கு நல்ல முறை. தெளிந்த பிறகு காய்ச்ச வேண்டும், அவ்வளவுதான்.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பக்கத்துப் போர்களில் இதுதான் வீட்டையே படுத்துகிறது. துணி மஞ்சளாகிறது, டைல்ஸ் செம்பட்டை ஆகிறது, தலைமுடி சிக்குப் பிடிக்கிறது. இதைப் பார்த்துப் பயந்து ஆர்.ஓ. வாங்குகிறார்கள். ஆர்.ஓ. இரும்பை எடுக்கும்தான், ஆனால் இரும்பு மெம்பரேனை எடுத்துவிடும். குடிக்க லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது தர நிர்ணயம், மெம்பரேனுக்கோ 0.3-க்கு மேல் போனாலே கேடு. துணியும் டைல்ஸும் ஆர்.ஓ.வில் குளிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இரும்புக்கு மருந்து காற்று. தண்ணீரைக் காற்றோடு கலந்தால் இரும்பு துருவாகத் திரளும், திரண்டதை மணல் படுக்கையில் வடிகட்டலாம். வீட்டுக்கு விற்கிற அயர்ன் ஃபில்டர் இதைத்தான் ஒரு சிலிண்டருக்குள் செய்கிறது. உள்ளே மாங்கனீஸ் டை ஆக்ஸைடு பூசிய மணல் இருக்கும், அது துருவாவதை வேகப்படுத்தும். போர் மோட்டாருக்கும் மேல் தொட்டிக்கும் நடுவே மாட்ட வேண்டும். வாரம் இரண்டு தடவை வால்வைத் திருப்பி, பழுப்புத் தண்ணீர் தெளியும் வரை எதிர்த்திசையில் ஓட விட வேண்டும். இதைச் செய்யாமல் "ஃபில்டர் வேலை செய்யல" என்று பிளம்பரைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். செலவு செய்ய முடியாதவர்கள், தண்ணீர் தொட்டிக்குள் விழும் இடத்தில் ஷவர்போல ஓட்டை போட்ட குழாயை வைத்து, ஒரு ராத்திரி தெளியவிட்டு, அடியிலிருந்து அரை அடி உயரத்தில் அவுட்லெட் எடுத்தால் ஓரளவு குறையும்.

அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். போர் வாயில் நேராகப் பிடித்த தண்ணீரையும் குழாயில் வருகிற தண்ணீரையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். போர் வாயில் சுத்தமாக இருந்து குழாயில் மட்டும் துரு வந்தால், குற்றவாளி உங்கள் பழைய ஜி.ஐ. பைப்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். செம்மண் பூமியில் சில போர்களில் பி.எச். 6.5-க்குக் கீழே இருக்கும், அந்தப் புளிப்பு பைப்பைத் தின்றுவிடும். அங்கே ஃபில்டர் வாங்குவதை விட பைப் மாற்றுவது லாபம்.

சாஃப்டனர் வேறு கதை. உள்ளே இருக்கிற ரெசின் மணிகள் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. பஸ்ஸில் ஒருவர் இறங்கி இன்னொருவர் அதே சீட்டில் உட்காருவதுபோல. கூட்டம் குறையாது, அதாவது டி.டி.எஸ். இறங்காது. சோப்பு நுரைக்கும், கெய்சர் பிழைக்கும், வாஷிங் மெஷினுக்கு ஆயுள் கூடும். சில நாளுக்கு ஒருமுறை உப்புத் தண்ணீர் ஊற்றி ரெசினைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அந்த உப்புக் கழிவு வெளியே போகும். கடினத்தன்மை 300 வரைக்கும் இருந்தால் இந்தச் செலவு வேண்டாம், வாரம் ஒருமுறை குழாய் முனையில் வினிகர் துணி சுற்றினால் போதும் என்பேன். 600-ஐத் தாண்டினால் யோசிக்கலாம். சாஃப்டனரிலிருந்து வருகிற தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். கடினத்தன்மையில் ஒவ்வொரு 100-க்கும் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் ஏறுகிறது. 500 என்றால் 230. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிற வீட்டில் இது வேண்டாத வேலை. சமையலறைக்கு மட்டும் சாஃப்டனருக்கு அப்புறம் ஒரு ஆர்.ஓ. வைத்தால் இரண்டுக்கும் நல்லது. சுண்ணாம்பு படியாததால் மெம்பரேன் நீண்ட நாள் உழைக்கும்.

கேன் தண்ணீர் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. தனியாக இருக்கிற பையனுக்குப் போதும். குடும்பத்துக்குக் கணக்குப் போடுங்கள்: நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன், 35 ரூபாய் என்றால் வருடத்துக்கு 12,775 ரூபாய். அந்தக் காசில் ஒரு நல்ல மெஷினே வந்துவிடும். கேனுக்குள் இருப்பதும் யாரோ ஒருவருடைய போர்த் தண்ணீரை ஆர்.ஓ. செய்ததுதான். மூடியில் சீல், அடைத்து விற்கிற குடிநீருக்கான தர எண்ணாகிய ஐ.எஸ். 14543, நிரப்பிய தேதி மூன்றும் இல்லாத கேனை நான் வாங்க மாட்டேன். வெயிலில் லாரி மேல் நிற்கிற கேனையும்.

யாரும் ஒப்பிட்டுப் பார்க்காத ஒரு வழி இருக்கிறது, மழைத் தண்ணீர். நம் பக்கம் ஒரு நல்ல வருடத்தில் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் சுமார் 90,000 லிட்டர் கிடைக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்கு வருடம் முழுக்க வேண்டியது 7,300 லிட்டர்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு 8,000 லிட்டர் மூடிய தொட்டி நிரம்பிவிடும். உப்பு கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, ஆர்.ஓ. தேவையே இல்லை, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மணல் வடிகட்டி வழியாகத் தொட்டியில் விட்டு, குடிக்கும்போது யூ.எஃப்.பில் வடித்துக் காய்ச்சினால் போதும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பெரும்பாலும் பூமிக்குள் விடுவதற்குத்தான் குழி தோண்டினோம், தொட்டி கட்டியவர்கள் குறைவு. புது வீடு கட்டுகிறவர்கள், முக்கியமாகக் கரையோரத்தில், ஆர்.ஓ. விலையோடு இந்தத் தொட்டிச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கட்டிய ஃபிளாட்டில் இதற்கு இடம் கிடையாது.

புயலையும் கணக்கில் சேர்க்காமல் நம் ஊரில் எதையும் வாங்க முடியாது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கடலூர்க் கிராமங்களில் கரன்ட் வர எத்தனை நாளானது என்பது இருந்தவர்களுக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியே மிதந்தது, அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூர்ப் பக்கம் தெருவுக்குள் வந்தது. அப்போதெல்லாம் சுவரில் தொங்குகிற மெஷின் வெறும் அலங்காரம். குறைந்த விலை ஈர்ப்பு ஃபில்டர் ஒன்றைப் பரண் மேல் வைத்திருப்பது இங்கே ஆடம்பரம் இல்லை. வெள்ளம் ஏறிய கிணறு, சம்ப் எதுவானாலும் இறைத்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டு, ஃபில்டரில் வடித்த பிறகும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

இப்போது சில வீடுகளை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். அக்கா வீட்டில் மாநகராட்சித் தண்ணீர், மீட்டரில் 500-க்கு நன்றாகவே கீழே. யூ.வி.யும் யூ.எஃப்.பும் சேர்ந்த மெஷின் போதும் என்றேன், அதையே வாங்கினார்கள். தவளக்குப்பத்தில் மாமனார் வீட்டில் போர் மட்டும்தான், உப்பு நடுத்தரம், இரும்பு நிறைய. அங்கே வீடு முழுக்க அயர்ன் ஃபில்டர், அதற்குப் பிறகு சமையலறையில் ஆர்.ஓ. இந்த வரிசை மாறினால் ஆர்.ஓ. சீக்கிரம் படுத்துவிடும். "ரெண்டு மெஷினா மாப்ள?" என்று மாமா முகத்தைச் சுளித்தார். ரெண்டு வியாதிக்கு ரெண்டு மருந்து, மாமா.

ஒரு இடத்துக்கு மட்டும் நான் எந்த மெஷினும் சொல்ல மாட்டேன். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து நிலத்தடி நீர் பற்றிப் பல ஆண்டுகளாகப் புகார் இருக்கிறது. தொழிற்சாலை ரசாயனம் என்று சந்தேகம் வந்துவிட்டால் டி.டி.எஸ். மீட்டர் உதவாது, சாதாரணப் பரிசோதனையும் போதாது. சின்ன மூலக்கூறுள்ள சில ரசாயனங்கள் ஆர்.ஓ. மெம்பரேனையும் தாண்டும். கார்பன் பிடிக்கும், ஆனால் அது எப்போது நிரம்பிப் போனது என்பது நமக்குத் தெரியாது. அங்கே குடிக்கவும் சமைக்கவும் வெளியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரைக் கேட்டு வாங்குவதுதான் வழி, அது உரிமையும்கூட.

வாடகை வீட்டுக்காரர்கள் சுவரில் ஓட்டை போட்டு மாட்டுகிற மெஷினுக்கு முன்னால் ஒரு தடவை யோசியுங்கள். அடுத்த வீட்டில் தண்ணீர் வேறாக இருக்கும். மேசை மேல் வைக்கிற யூ.எஃப். எங்கே போனாலும் கூட வரும்.

கடைசியாக ஏ.எம்.சி., அதாவது வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம். மெஷின் விலையைப் பேரம் பேசுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. வாங்கும் முன்பே மெம்பரேன் என்ன விலை, முதலில் அழுக்கைப் பிடிக்கிற ஸ்பன் ஃபில்டர் என்ன விலை, நம் ஊரிலேயே ஆள் இருக்கிறாரா, விழுப்புரத்திலிருந்து வர வேண்டுமா என்று கேட்டு பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள், சர்வீஸ்காரர் வரும்போதெல்லாம் உள்ளே போகிற தண்ணீரின் டி.டி.எஸ். எண்ணையும் குடிக்க வெளியே வருகிற தண்ணீரின் எண்ணையும் அட்டையில் குறித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வெளியே வருகிற எண் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போனால் மெம்பரேன் மாற்றுங்கள். ஏறவில்லை, தண்ணீரும் பழைய வேகத்திலேயே விழுகிறது என்றால், "ரெண்டு வருஷம் ஆயிடுச்சு சார், மாத்தியே ஆகணும்" என்று அவர் சொன்னாலும் அவசரம் இல்லை.